நம் கதையை யார் படிப்பது? ஆளா, இயந்திரமா?

(தோட்டங்களிலிருந்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு வந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

அடுத்த மாதம் முதல் நம் தொண்டர்கள் உங்கள் வீடுகளுக்கு வருவார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகள், பன்னிரண்டு வயது கடந்தும் அடையாள அட்டை கிடைக்காத பிள்ளைகள், சிவப்பு ஐசியோடு காலத்தை ஓட்டும் பாட்டிமார்கள் உள்ள குடும்பங்களோடு உட்கார்ந்து பேசப் போகிறார்கள். எத்தனை பேர் என்று தலையை எண்ணுவது ஒருவகை ஆய்வு. அந்தத் தலைக்குள் என்ன இருக்கிறது, ஒரு சூராட் இல்லாமல் ஒரு நாளை எப்படிக் கடத்துகிறார்கள் என்று கேட்பது இன்னொரு வகை. சமூகப்பணித் துறையில் இந்த இரண்டாவதைப் பண்புசார் ஆய்வு என்கிறோம். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1975இல் சமூகப்பணிக் கல்வி தொடங்கியது. அன்றிலிருந்து இந்நாட்டில் இது ஒரு படிப்பாகவே இருந்து வருகிறது. ஏதோ சும்மா வந்து கதை கேட்டுவிட்டுப் போவது என்று நினைத்துவிடாதீர்கள்.

செயற்குழுக் கூட்டத்தில் நம் இளைஞர்கள் சிலர் ஒரு யோசனை சொன்னார்கள். "பேசுவதை போனில் பதிவு செய்வோம். பதிவை அப்படியே ஏ.ஐ.யில் போட்டால் அதுவே எழுத்தாக்கிவிடும், மலாயில் மொழிபெயர்த்துவிடும், முக்கியமான கருத்துகளைப் பிரித்துக் கொடுத்துவிடும், சாயங்காலத்துக்குள் அறிக்கை தயார்" என்றார்கள். செய்யலாமா கூடாதா என்று காரசாரமாக விவாதம் நடந்தது. சமூகப்பணி படித்தவன் என்பதால் இதை உங்கள் முன்னால் விளக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். பேசப் போவது உங்கள் வாழ்க்கையைப் பற்றி என்பதால், முடிவு எடுப்பதற்கு முன் உங்களுக்கு விளங்க வேண்டும் அல்லவா?

யோசனை சொன்ன பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். கணக்கைப் பாருங்கள். நாற்பது குடும்பம், ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரப் பேச்சு. ஒரு மணி நேர ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு எழுத நாலிலிருந்து ஆறு மணி நேரம் பிடிக்கும். நம் வீட்டுப் பேச்சில் தமிழும் மலாயும் கலந்து வரும், நடுவில் குழந்தை அழும், பக்கத்து வீட்டு டிவி கத்தும். ஐந்து மணி நேரம் என்றே வைத்துக்கொண்டாலும் எழுதுவதற்கு மட்டும் இருநூறு மணி நேரம். எழுதுபவர் யார்? பகல் முழுதும் தொழிற்சாலையில் நிற்கும் தங்கை, லோரி ஓட்டும் அண்ணன், வகுப்பு முடிந்து வரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. சம்பளம் கொடுத்து ஆள் வைக்கப் பல்கலைக்கழகங்களிடம் பணம் இருக்கிறது. நம்மிடம் இல்லை. இப்படிப்பட்ட நிலையில் இலவசமாக ஓர் இயந்திரம் கிடைக்கிறது என்றால் ஆசை வராதா?

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளிவந்தது. அதன்பின் ஜெமினி, கிளாட் என்று வரிசையாக வந்துவிட்டன. இவை எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கோடிக்கணக்கான பக்கங்களில் உள்ள எழுத்தை அவற்றுக்கு ஊட்டியிருக்கிறார்கள். ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்பதை அந்த எழுத்திலிருந்து பழகிக்கொண்டு, அந்தப் பழக்கத்தில் சொல் சொல்லாகக் கோத்துப் பதில் எழுதுகின்றன. யாரும் எங்கும் சொல்லாத ஒன்றையும் சொன்னது போலவே எழுத முடியும். பேச்சு மட்டும் சரளமாக இருக்கும், தயக்கமே இருக்காது. இன்னொன்று, அது படித்த எழுத்தில் பெரும்பங்கு ஆங்கிலம். தமிழ் குறைவு. அந்தத் தமிழிலும் தோட்டத்துத் தமிழ், நம் அடுக்குமாடித் தமிழ் எவ்வளவு இருந்திருக்கும்? நம் பாட்டிமார்கள் இணையத்தில் எழுதினார்களா என்ன?

ஒரு கருவியைச் சோதிக்க என் குரலையே பதிவு செய்து போட்டுப் பார்த்தேன். "காலையில பெரட்டுக்குப் போனோம்" என்றேன். தோட்டத்தில் பிறந்த அனைவருக்கும் பெரட்டு என்றால் விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது என்று தெரியும். கருவி "காலையில் புரட்டுக்குப் போனோம்" என்று எழுதியது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தத் தாளை மட்டும் பார்க்கும் ஒருவர், இந்த ஆள் காலையிலேயே ஏமாற்று வேலைக்குக் கிளம்பினார் என்றுதானே நினைப்பார்?

இது சொல் பிழை, கேட்டுப் பார்த்தால் திருத்திவிடலாம். இதைவிடக் கவலை தரும் ஒன்றை 2024இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். விஸ்பர் என்னும் கருவி பேச்சை எழுத்தாக்கும். சாட்ஜிபிடியை உருவாக்கிய அதே நிறுவனத்தின் தயாரிப்பு. பேச்சுக் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஆங்கிலத்தில் பேசிய சுமார் 13,000 ஒலித்துண்டுகளை அதில் போட்டுப் பார்த்தார்கள். நூற்றுக்கு ஒரு துண்டில், பேசியவர் சொல்லவே சொல்லாத முழு வாக்கியங்களைக் கருவி தானாகச் சேர்த்திருந்தது. அப்படிச் சேர்த்தவற்றில் 38 விழுக்காடு தீங்கானவை. இல்லாத அடிதடி, இல்லாத உறவு, இல்லாத பெயர் என்று கற்பனை. பேச்சுக்கு நடுவே நீண்ட மௌனம் இருந்தவர்களின் பதிவில்தான் இது அதிகம் என்றும் கண்டார்கள்.

மௌனம் என்றதும் எனக்கு நம் வீடுகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. தடுப்புக் காவலில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் பேசினால் அவர் தொடர்ந்தாற்போல் பேசுவாரா? ஒரு வார்த்தை சொல்லுவார், நிறுத்துவார், சுவரில் மாட்டிய படத்தைப் பார்ப்பார், முந்தானையால் முகத்தைத் துடைப்பார், பிறகு வேறு எதையோ பேசுவார். அந்த நிறுத்தத்துக்குள் ஓர் இயந்திரம் புகுந்து, யாரும் சொல்லாத ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டுப் போனால்? நூறில் ஒன்றுதானே என்று சிலர் கேட்கலாம். அந்த ஒன்று ஒரு விசாரணையில் அந்தத் தாயின் வாக்குமூலத்துக்கு எதிராக நீட்டப்பட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கருவிகள் மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டிருக்கின்றன, பிழை குறைந்தும் வரலாம். என்றாலும் ஒலிப்பதிவை ஒரு மனிதர் முழுதாகக் கேட்டுச் சரிபார்க்காத எந்த எழுத்தையும் நான் நம்பத் தயாரில்லை.

எழுத்து சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது அதைப் படித்துப் பொருள் காண்பது. என் பார்வையில் இதுதான் பெரிய விஷயம்.

ஒரு தாய் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். "எம்மவனுக்கு சூராட் இல்ல. ஸ்கூல்ல டீச்சர் கேட்டாங்க. அடுத்த வாரம் கொண்டாறேன்னு சொன்னேன். மூணு வருசமா அதே அடுத்த வாரந்தான்." சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். இதை ஏ.ஐ.யிடம் கொடுத்தால், "ஆவணமின்மை கல்விக்குத் தடையாக உள்ளது" என்று தலைப்பிட்டுக் கொடுக்கும். தப்பில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள இந்தத் தாயிடம் வரவே தேவையில்லையே, அது நமக்கு முன்பே தெரியுமே! அவர் ஏன் சிரித்தார்? தன்னைப் பார்த்தா, டீச்சரைப் பார்த்தா, தேசியப் பதிவு இலாகாவின் கௌண்டரைப் பார்த்தா? மூன்று ஆண்டுகளாக அந்த டீச்சரும் தெரிந்தே "சரிம்மா" என்று விட்டுக்கொடுத்து வருகிறாரா? அப்படியானால் அந்தப் பள்ளிக்குள் ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இரண்டு பெண்கள் வாய் திறந்து பேசாமலே ஓர் ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள். அந்த டீச்சர் மாற்றலாகிப் போனால் பிள்ளையின் கதி என்ன? நம் அறிக்கையில் வரவேண்டியது இதுதான். அந்தச் சிரிப்பு ஒலிப்பதிவில் அரை வினாடி. எதிரே உட்கார்ந்திருந்தவருக்குத்தான் அது தெரியும். தெரிந்தவர் திரும்பவும் போய், "அக்கா, அன்னைக்கு ஏன் சிரிச்சீங்க?" என்று கேட்கவும் முடியும்.

நம் சரித்திரத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1936 இறுதியில் மலாயாத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்களின் நிலையைப் பார்த்துவர வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரை இந்திய அரசாங்கம் அனுப்பியது. 1937இல் அவருடைய அறிக்கை வந்தது. நாள் கூலியை ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று பழைய அளவுக்கே மீட்டுத் தரவேண்டும் என்று பரிந்துரைத்தார். நல்ல பரிந்துரைதான். நான்கே ஆண்டுகளில், 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் காலம் அது. தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி இருந்தது, பிள்ளைகளுக்குக் கல்வி இருந்தது, மருத்துவம் இருந்தது, கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது இருந்தது, பெண்களிடம் மேலதிகாரிகள் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்பது இருந்தது. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள்.

அந்தக் காலத்து வாக்குமூலங்கள் ஆயிரத்தை இன்று ஓர் இயந்திரத்தில் போட்டு, முக்கியக் கருத்துகளைத் தா என்று கேட்டால் கூலி, மருத்துவம், கல்வி, வேலை நேரம் என்று அழகாகத் தலைப்புப் போட்டுத் தரும். சைக்கிள் எங்கே போகும்? "இதர குறைகள்" என்ற கடைசி வரிக்குள் போகும் என்பது என் எண்ணம். ஒரு மனிதன் தன் சொந்தக் காசில் வாங்கிய சைக்கிளில், தன் மனைவி பிள்ளை பார்க்க, இறங்கி நிற்பது எப்படி இருக்கும் என்று அறிந்தவர்கள் அந்தப் பட்டியலை எழுதியதால்தான் அது தனிக் கோரிக்கையாக நின்றது.

இது என் சொந்தக் கருத்து மட்டும் அல்ல. இப்படிப்பட்ட பேச்சுகளைப் படித்து, அவற்றில் ஊடாடும் கருப்பொருள்களைக் கண்டெடுக்கும் முறையை வர்ஜீனியா பிரவுன், விக்டோரியா கிளார்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் எழுதிய கட்டுரை உலகெங்கும் பாடமாகப் படிக்கப்படுகிறது. அவர்கள் உட்பட 400க்கும் மேற்பட்ட அனுபவமிக்க ஆய்வாளர்கள், இவ்வகை ஆய்வில் பொருள் காணும் வேலைக்கு ஏ.ஐ.யைப் பயன்படுத்துவதை நிராகரிக்கிறோம் என்று 2025இல் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். மறுப்பவர்களும் உண்டு. முதலில் ஒருமுறை குவியலைப் பிரித்துக் கொடுக்க உதவட்டும், மனிதர் விட்டதை அது காட்டக்கூடும் என்கிறார்கள். அதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முதலில் இயந்திரம் பிரித்ததைப் பார்த்துவிட்டால், பிறகு நம் கண்ணும் அதே பாதையில்தான் போகும். பரீட்சையில் பக்கத்து ஆள் தாளைப் பார்த்த பிள்ளைக்குச் சொந்த விடை வருமா?

இனி இரகசியத்தைப் பற்றி. இதைப் பிள்ளைகளும் கவனமாகக் கேளுங்கள்.

இந்தக் கருவிகளில் நாம் போடுவது நம் போனுக்குள் இருப்பதில்லை. வெளிநாட்டில் உள்ள கம்பெனியின் கணினிக்குப் போகிறது. பல இலவசக் கருவிகளில், அமைப்புக்குள் போய் நாமே மாற்றி வைத்தால் ஒழிய, நாம் போட்டதைக் கருவியை மேலும் பழக்க எடுத்துக்கொள்வார்கள். நம் ஒலிப்பதிவுகளில் என்னென்ன இருக்கும்? ஆவணம் இல்லாத பிள்ளையின் பெயர், எந்தத் தொழிற்சாலையில் முதலாளி இபிஎஃப் கட்டுவதில்லை என்ற விவரம், போலீஸ்காரர் யார் கேட்டார், எவ்வளவு கேட்டார் என்பது. "பேரை எடுத்துவிட்டுப் போடலாமே" என்று ஒரு தம்பி சொன்னார். நம்மிடத்தில் பேரை எடுத்தால் போதாது, தம்பி. "புளோக்கின் மூன்றாவது மாடியில், மருமகனை இழந்து ஐந்து பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டி" என்று எழுதினால் இந்த மண்டபத்தில் அனைவருக்கும் யாரென்று தெரிந்துவிடும். மாடியை மாற்ற வேண்டும், பேரப்பிள்ளைகளின் எண்ணிக்கையை மாற்ற வேண்டும், சில சமயம் ஒரு கதையையே விட்டுவிட வேண்டும். எதை விடுவது என்பதை அந்தப் பாட்டியிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய முடியும்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது, 2024இல் திருத்தப்பட்டது. ஆனால் அது வணிக நடவடிக்கைகளுக்கான சட்டம். மத்திய அரசாங்கத்தையும் மாநில அரசாங்கங்களையும் அது கட்டுப்படுத்தாது. இலாபம் கருதாமல் வீடு வீடாகப் போய்ப் பேசும் நம்மைப் போன்றவர்களின் ஆய்வுக்கும் அது பெரிய வேலி அல்ல. ஏ.ஐ. பற்றி அறிவியல் அமைச்சு 2024 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறையும் விரும்பினால் பின்பற்றலாம் என்ற வகையைச் சேர்ந்ததே. பல்கலைக்கழகத்திலிருந்து வருபவர்களுக்கு நெறிமுறைக் குழு என்று ஒன்று இருக்கும், அவர்கள் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். மற்றபடி உங்களுக்கு இருக்கும் பாதுகாப்பு, கையெழுத்துப் போடுவதற்கு முன் நீங்கள் கேட்கும் கேள்விதான்.

ஏற்கெனவே எத்தனையோ பேர் நம்மிடம் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். தோட்டத்தில் இருந்தபோதும் வந்தார்கள், இங்கே வந்த பிறகும் வந்தார்கள். பிஸ்கட் டின்னும் அரிசி மூட்டையும் கொடுத்தார்கள். எழுதியது என்ன ஆனது என்று திரும்பி வந்து சொன்னவர்கள் எத்தனை பேர்? இனி யார் வந்தாலும், நாங்கள் வந்தாலும்கூட, கூச்சப்படாமல் கேளுங்கள். என் பேச்சைக் கேட்டு எழுதப்போவது யார்? ஏ.ஐ.யில் போடுவீர்களா, எதில், எதற்காக? பதிவை எங்கே வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள்? நான் வேண்டாம் என்றால் ஆய்விலிருந்து என் கதையை எடுக்க முடியுமா? எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுவீர்களா? ஏ.ஐ. வேண்டாம் என்று சொன்னதற்காக எனக்கு வரும் உதவி நின்றுபோகுமா? இதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவரிடம் நீங்கள் பேச வேண்டிய கடமை இல்லை.

செயற்குழு இப்போதைக்கு எடுத்திருக்கும் முடிவைச் சொல்கிறேன். நீங்கள் இன்று ஏதும் மாற்றச் சொன்னால் மாற்றுவோம். உங்கள் பேச்சை எந்த இலவச ஏ.ஐ. செயலியிலும் போடமாட்டோம். தட்டச்சு வேலையைக் குறைக்க, இணையத் தொடர்பே இல்லாமல் நம் கணினிக்குள்ளேயே ஓடும் எழுத்தாக்கக் கருவியைப் பயன்படுத்தலாம் என்று நினைக்கிறோம். விஸ்பரையே அப்படி ஓட்ட முடியும். தமிழில் தப்பு நிறைய வரும், ஆகவே வீட்டுக்கு வந்து பேசிய அதே தொண்டர் முழுப் பதிவையும் கேட்டுத் திருத்துவார். அதுவும் வேண்டாம் என்று ஒரு குடும்பம் சொன்னால் அந்தக் குடும்பத்தின் பேச்சைக் கையால் எழுதுவோம். படித்துப் பொருள் காண்பது மனிதர் வேலை. ஒவ்வொரு பேச்சையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படிப்பார்கள், அவர்களில் ஒருவர் இந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவராக இருப்பார். இதனால் அறிக்கை நான்கு மாதம் தள்ளிப்போகும். பொதுத்தேர்தலுக்கு முன் வரவேண்டும் என்று சில நண்பர்களுக்கு அவசரம். அவர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டோம்.

இதனால் ஏ.ஐ.யைத் தொடவே கூடாது என்று நான் சொன்னதாகப் பிள்ளைகள் நினைக்க வேண்டாம். பதிவு இலாகாவுக்கு மேல்முறையீட்டுக் கடிதம் எழுத, ஒரு பாரத்தில் கேட்கும் மலாய்ச் சொல்லுக்கு அம்மாவுக்கு விளக்கம் சொல்ல, நம் பிள்ளைகள் அதைப் பயன்படுத்துவதைப் பார்க்கிறேன். முன்பு இதே கடிதத்துக்கு வெளியில் ஒரு ஆளைத் தேடிப் பிடித்துப் பணம் கொடுத்தோம். நல்லதுதான், செய்யுங்கள். பெயர், ஐசி நம்பர், வீட்டு முகவரி, பிறப்புச் சான்றிதழின் படம் இவற்றை மட்டும் அதில் போடாதீர்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டு எழுதச் சொல்லிவிட்டு, பிறகு பேனாவால் நிரப்புங்கள். எழுதித் தந்ததை அம்மாவிடம் தமிழில் வாசித்துக் காட்டி, "இப்படித்தான் நடந்ததா?" என்று கேட்ட பிறகு அனுப்புங்கள்.

ஒப்புதல் பாரங்கள் வாசலில் மேசை மேல் இருக்கின்றன, தமிழிலும் மலாயிலும். படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு வாசித்துச் சொல்ல இரண்டு பிள்ளைகள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். இன்றே கையெழுத்து வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேசிவிட்டு அடுத்த ஞாயிறு கொண்டுவரலாம், கொண்டுவராமலும் இருக்கலாம். தேநீர் வருவதற்குள் கேள்வி இருப்பவர்கள் கேளுங்கள். முன்வரிசையில் அம்மா ஒருவர் வெகுநேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார், அவரிடமிருந்து தொடங்குவோம்.